பொக்ஸ் செடிக்குச் செத்தவீடு

செடி விற்கிற வேலையில் பாதி, செத்த செடிக்குத் துக்கம் விசாரிக்கிறதுதான்.

கடையில் நின்று வேலை செய்கிற ஆட்களுக்கு இது புதினமில்லை. சாப்பாட்டுக் கடையோ, பெற்றோல் செற்றோ, மூலைக்கடையோ, எதுவாக இருந்தாலும் சனம் சாமான் வாங்க மட்டும் வருவதில்லை. ஆரையாவது பிடித்து வைத்துச் சொல்லி ஆறவும் வருகிறது. நீங்களும் வாங்கிக் கட்டியிருப்பீர்கள். நான் வாங்கிக் கட்டினதைக் கேளுங்கோ.

லண்டனில் மிச்சம் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கார்டன் சென்ரரில் நிற்கிறேன். எங்களுக்கு இப்போது அதிகம் வருவது பொக்ஸ் செடிக்காரர்தான். பொக்ஸ் என்றால் சின்ன இலையோடு நெருக்கமாக வளருகிற பற்றைச் செடி. பந்து மாதிரி வெட்டி வாசலில் வைப்பார்கள், முழங்கால் உயரத்துக்கு வேலியாகவும் விடுவார்கள். லண்டனில் கொஞ்சம் வசதியான தெருவென்றால் வாசலுக்கு வாசல் நிற்கும். இப்போது நிற்கிறதைவிடச் சாகிறது கூட. ஒரு பூஞ்சண நோய் வந்து இலையைக் கருக்கிக் கொட்டுகிறது. அது விட்டதை ஒரு பச்சைப் புழு வலை கட்டித் தின்கிறது. வருகிற எல்லாருக்கும் ஒரே கேள்வி: அதே மாதிரி இருக்க வேணும், சாகக்கூடாது, என்ன இருக்கு?

பதில் எனக்குத் தெரியும். வாயில் வராது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆட்களைக் கண்டால் சின்ன வயதிலிருந்தே கூச்சம். தண்ணி ஊத்துகிற வேலை என்று சொன்னபடியால்தான் வந்தேன். மனேஜர் டெப்பி நல்ல மனுசி, ஆனால் சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லுவா. "செடியோட கதைக்கிறாய், சனத்தோட கதைக்கிறாயில்லை. கோடை முடியிறதுக்குள்ள வாய் திறக்காட்டி உன்னை நிரந்தரமாக்க என்னால ஏலாது" என்று சொல்லி, பொக்ஸ் செடிக்காரருக்கென்று ஒரு மேசை போட்டு என்னை அதற்குப் பின்னால் நிற்பாட்டினா. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, அவள் வெளியில் வருவதற்குள் முடிகிற ஷிப்ட் இது ஒன்றுதான். என் புருசனுக்கு இரவு வேலை. இந்த ஷிப்ட் போனால் நான் வீட்டில்தான்.

பையில் வந்த நோயாளி

மேசையில் நின்ற முதல் நாள். ஒரு மனிதர் சுப்பர்மார்க்கற் பை ஒன்றைக் கொண்டுவந்து, "இதுக்கு என்ன வருத்தம் எண்டு பாருங்கோ" என்று பையின் வாயை விரித்தார். உள்ளே ஒரு கொப்பு. கொப்பு முழுக்க வலை, வலை முழுக்கப் புழு. அவர் அதை எடுத்து உதறவும் இரண்டு மூன்று புழு மேசையில் விழுந்து நடக்கத் தொடங்கியது. மேசைக்கு அடுத்த தட்டில் நாங்கள் விற்கிற நல்ல பொக்ஸ் செடிகள்.

"இங்கே உதறாதீர்கள்" என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அது மூன்று சொல். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கை மட்டும் போனது. கொப்பைப் பறித்துப் பைக்குள் திணித்து, புழுக்களையும் வழித்துப் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, பின்னால் இருக்கிற மூடி போட்ட பெரிய குப்பைத் தொட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது அவர் வாயைத் திறந்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டிக்குள் ஒரு பாட்டுக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மெதுவாகச் சொன்னார்:

"செடியின்ர வருத்தத்தைப் பிறகு சொல்லுங்கோ, முதல் என்ர போனை எடுத்துத் தாங்கோ."

பக்கத்து வீட்டுக்காரி

ஒரு சீமாட்டிக்கு வாசலின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவில் இரண்டு பந்து வேண்டும். ஜப்பான் ஹொலியைக் காட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்தாலும் பொக்ஸ் என்றே நினைக்கலாம், அந்தப் பூஞ்சணமும் அதற்கு வராது. ஒரே ஒரு குணம், தண்ணி தவறக்கூடாது. பூச்சாடியில் ஒருக்கால் காய்ந்தால் பிறகு மன்னிக்காது. "தண்ணி" என்று சொல்லி விரலால் காட்டினேன். தான் கோடைக்கு ஸ்பெயினுக்குப் போய்விடுவேன் என்றா.

சரியென்று பிற்றோஸ்போரம் காட்டினேன், தானாகவே உருண்டையாக வளருகிற சாதி. இலை பெரிதாம். ஹீபி காட்டினேன். பூக்குமாம், பூத்தால் கொட்டுமாம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போக, அவவுக்கு வேண்டியது தண்ணி கேட்காத, வெயில் கேட்காத, வளராத, வெட்டத் தேவையில்லாத ஒன்று என்று விளங்கியது. ரொலி தள்ளிக்கொண்டு போன சூசை அண்ணை நின்றார். டெலிவரி பார்க்கிறவர், பாரிசில் கனகாலம் இருந்துவிட்டு வந்தவர், எதற்கும் பாரிசை இழுப்பார். "பாரிசில எண்டா இதுக்குப் பிளாஸ்ரிக்தான் வைப்பினம் மேடம், அங்கால போன நத்தாருக்கு மிஞ்சின சாமான் தட்டில கிடக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ கோபிக்கப் போறா என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. உண்மையாகவே கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா:

"பிளாஸ்ரிக் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரி தொட்டுப் பாப்பாள்."

யோசிக்கிற பெண்

வயதான கனவான் ஒருவர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். ஓரத்துக்கு வைத்த பொக்ஸ் வேலி மொட்டையாகிவிட்டது, அதே இடத்தில் திரும்பவும் பொக்ஸ் வைக்கலாமா? வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். கொட்டின இலையில் நோய் கிடக்கும். சொல்லத் தொண்டையைச் செருமினேன். அவர் கையிலிருந்த பொக்ஸ் செடியைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"அப்ப, மருந்து அடிச்சா?" நான் நிலத்தைப் பார்த்தேன். மருந்துப் போத்தலையும் திருப்பி வைத்தார். "விலை கூடின இந்தப் பெரிய சாடி?" அதற்கு நான் தும்மினேன். அதையும் வைத்தார். கடைசியில் என் கைக்குக் கிட்ட நின்ற ஈயோனிமஸ், சின்னக் கரும்பச்சை இலைப் பற்றை, அதில் வேண்டியதை எடுத்துக்கொண்டு காசு கட்டப் போனார். நான் எடுத்துக் கொடுத்திருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன். ரில்லில் நின்ற டெப்பியிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது:

"உங்கட கடையில இவ ஒராள்தான் யோசிக்காமல் கதைக்கிறேல்லை."

டெப்பி என் பக்கம் பார்த்த பார்வையில் அது கணக்கில் சேராது என்று தெரிந்தது.

மூலைச் செடி

ஒருவர் தன் நாயோடு வந்தார். பெரிய பஞ்சு மாதிரி நாய். வாசல் வேலியில் ஒரு மூலைச் செடிக்கு மட்டும் நோய், எவ்வளவு மருந்தடித்தும் போகவில்லை, புதிதாக வைத்தாலும் அதே மூலைச் செடிதான் கருகுகிறது, மற்றதெல்லாம் பச்சை என்று போனில் படம் காட்டினார். படத்தைப் பார்த்தேன். மேலே பச்சை. கீழே, ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு, கபில நிறம். பூஞ்சணம் இப்படி அளவெடுத்து வராது.

எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் நாய் செய்கிற அந்தக் காரியத்துக்கு மரியாதையான ஆங்கிலச் சொல் என்னிடம் இல்லை. தமிழிலும் முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் சொல்ல மாட்டேன். படத்தைக் காட்டினேன், நாயைக் காட்டினேன். அவர் "ஓம், அவனுக்கும் அந்தச் செடியில நல்ல விருப்பம்" என்றார். திரும்பவும் காட்டினேன். அந்த நேரம் பார்த்து நாயே எனக்கு உதவிக்கு வந்தது. மேசைக்கருகில் நின்ற எங்களுடைய சாடிக்குப் பக்கவாட்டாகப் போய் நின்று காலைத் தூக்கியது. அந்த மனிதர் குனிந்து அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்:

"இவ்வளவு காலமும் நோய் எண்டு மருந்தடிச்சனே, நீயாடா அது?"

தயிர்ப் பேணி

கோடை நடுவில் எங்கடை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு அன்ரி, பிறகு ஒரு தம்பதி, பிறகு இன்னொரு குடும்பம். எல்லாரும் எங்கள் கோயில்காரர், யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கர். எல்லாரிடமும் சின்னச் சின்னப் பொக்ஸ் செடி, எல்லாவற்றுக்கும் ஒரே நோய். தெரிந்த முகம் என்றால் எனக்கு இன்னும் கூச்சம். "எங்கை வாங்கினது?" என்று மட்டும் கேட்டேன். "வாங்கேல்லைப் பிள்ளை, மாதாவின்ர செடி" என்றார்கள்.

விசயம் என்னவென்றால், கோயில் வளவில் ஒரு மாதா கெபி, கல்லால் குகை மாதிரிக் கட்டினது, இருக்கிறது. சொரூபத்துக்கு முன்னால் பொக்ஸ் வேலி. அதைப் பார்க்கிற பொறுப்பைப் பங்குச் சுவாமி எங்கடை ஆட்களிடம் விட்டிருந்தார். எங்கடை ஆட்கள் என்றால் பிலோமினா அக்கா. பீடத்துக்கு என்ன பூ என்பதிலிருந்து ஆர் எந்த வாங்கில் இருக்கிறது என்பது வரை அவதான். வேலி கருகத் தொடங்கியதும் அவ செய்தது, எங்கள் ஊரில் வேலிக்குக் கிளுவைக் கதியால் வெட்டி ஊன்றுகிற ஆள் ஆரென்றாலும் செய்கிற வேலைதான். நல்லாயிருந்த தடிகளாகப் பார்த்து வெட்டி, தயிர் வாங்கின வெறும் பேணியில் ஊன்றி, பொலித்தீன் பையால் மூடி, மாரி முழுக்க யன்னலில் வைத்து வேர் பிடிக்க வைத்திருக்கிறா. உயிர்த்த ஞாயிறு பூசை முடிய வாசலில் நின்று வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறா. ஈரமும் மூடின பையும் பூஞ்சணத்துக்கு மாமியார் வீட்டு விருந்து. தடி நல்லாய்த்தான் இருந்திருக்கும், நோய் உள்ளே இருந்திருக்கும். மிச்சத்திலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ் வாசல் எல்லாம் அது போய்ச் சேர்ந்துவிட்டது. மாதாவின் செடி என்று மறுத்தவர் ஒருவருமில்லை. அது கருகுகிறது என்று அவவிடம் போய்ச் சொன்னவரும் ஒருவருமில்லை.

இதை நான் மெல்லிய குரலில் ஒரு அன்ரிக்குச் சொன்னேன். அவ தன் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"மாதா தந்தவ எண்டெல்லோ வாங்கினனான், பிலோ தந்தவ எண்டு யோசிச்சிருந்தா வாங்கியிருக்க மாட்டன்."

ஏத்தின ரொலி

கோடை முடியப் போகிறது. டெப்பி என்னைக் கூப்பிட்டு இருத்திக் கதைக்கிற நாளுக்குக் கொஞ்சம்தான் இருந்தது. அப்போது பிலோமினா அக்காவே வந்தா, பின்னால் கோயில் பெருநாள் கமிற்றியிலிருந்து இரண்டு அண்ணைமார். கெபி வேலி முழுதாகச் செத்துவிட்டதாம், பெருநாளுக்கு முதல் புதிதாக வைக்க வேண்டுமாம். என்னைக் கண்டு "ஜெனி, இங்கையோ நிக்கிறாய்?" என்றா, அவ்வளவுதான். நேரே பொக்ஸ் தட்டுக்குப் போனா. "சூசை, இந்தத் தட்டு முழுக்க ஏத்து." சூசை அண்ணை ஏற்றினார். பெரிய வியாபாரம். அதை மோப்பம் பிடித்துக்கொண்டு டெப்பியும் வந்து சிரித்தபடி பக்கத்தில் நின்றா.

பேசாமல் நின்றிருக்கலாம். ரொலி ரில்லுக்குப் போயிருக்கும், டெப்பிக்கும் சந்தோசம். ஆனால் அந்தச் செடிகள் என் கையால் தண்ணி குடித்தவை. அந்த மண்ணில் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, அதை வாங்காதேங்கோ" என்றேன். நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. அங்கால சாடி பார்த்துக்கொண்டு நின்றவர்களும் திரும்பினார்கள்.

"ஏன், விலை கூடவோ?"

"விலையில்லை அக்கா. அந்த மண்ணில நோய் கிடக்கு. விழுந்த இலையை ஒருதரும் அள்ளேல்லை. இதையும் வச்சா இதுவும் மொட்டையாகும்."

"எனக்குச் செடி சொல்லித் தாறியோ? நான் குடுத்த தடியெல்லாம் வீட்டுக்கு வீடு தளைச்சு நிக்குது."

"இல்லையக்கா. எல்லாம் செத்துப்போச்சு. ஒருதரும் உங்களுக்குச் சொல்லேல்லை. பயத்தில."

பிலோமினா அக்கா கமிற்றி அண்ணைமாரைத் திரும்பிப் பார்த்தா. ஒருவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மற்றவர் விலைத்துண்டை வாசித்தார். அவ ரொலியிலிருந்து கையை எடுத்தா, கைப்பையைத் தோளில் போட்டா, வெளியே போனா. சூசை அண்ணை செடிகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டில் அடுக்கினார். அவர்கூடப் பாரிசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று டெப்பி கேட்டா. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவ நிரம்பின தட்டையும் வெறும் ரொலியையும் மாறி மாறிப் பார்த்தா:

"நீ வாயைத் திறந்தா நான் கடையை மூடவேண்டி வரும் போல கிடக்கு."

ஏசின பிள்ளை

டெப்பி கதைக்கிற நாள் வந்தது. காலையில் மேசைக்குப் போகாமல் பின்பக்கம் தண்ணி ஊத்தினேன். கடைசி நாளென்றால் செடிகளோடாவது கழியட்டும் என்று நினைத்தேன். குழாய்ச் சத்தத்தில் முன்னுக்கு நடந்தது கேட்கவில்லை. சூசை அண்ணை ஓடி வந்தார்: "ஏய், வா வா, கோயிலே வந்து நிக்குது."

உண்மையாகவே கோயில்தான். முன்னுக்குப் பிலோமினா அக்கா, பின்னால் அவ தடி கொடுத்த வீட்டுக்காரர் அத்தனை பேரும், கையில் தங்கள் தங்கள் வாசல் படத்தோடு. அவவே வீடு வீடாகப் போய்ச் செத்த செடியைப் பார்த்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா. ரில்லில் நின்று "அந்த ஏசின பிள்ளை எங்கை?" என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தா. டெப்பிக்கு விளங்கவில்லை, ஆனால் சனத்தின் தொகை விளங்கியது.

அவ என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "சொல்லு, என்ன வைக்கிறது? நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்" என்றா. சொன்னேன். முதலில் வேலியை வேரோடு எடுங்கோ, இலை ஒன்றும் விடாமல் அள்ளிக் கட்டுங்கோ, மேல்மண்ணை மாத்துங்கோ, கத்திரிக்கோலைக் கழுவுங்கோ. கெபி மதிலோடு ஒட்டி, மழை விழாத இடம், ஆகவே தண்ணி கேட்கிற ஜப்பான் ஹொலி சரிவராது. லொனிசெரா கெதியாய் வளரும், கோடை முழுக்க வெட்டிக்கொண்டிருக்க வேணும். பேர்பெறிஸ் நல்லது, ஆனால் முள். "முள்ளு நல்லதுதானே, மெழுகுதிரி களவு போகாது" என்றார் கமிற்றி அண்ணை. "சுற்றுப்பிரகாரத்தில எத்தினை சீலை கிழியும், விசரோ உமக்கு?" என்று பிலோமினா அக்கா அவரை அடக்கினா. கடைசியில் ஈயோனிமஸ். சின்ன இலை, நிழல் தாங்கும், வெட்டுத் தாங்கும், முள் இல்லை, பொக்ஸுக்கு வந்த நோயும் வராது. வீட்டுக்காரருக்கும் வாசல் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். மதியத்தில் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. அடைக்கிற அளவுக்கு நான் கதைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல்.

ரொலிகள் எல்லாம் போன பிறகு டெப்பி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து மேசையில் சாய்ந்தா. இருத்திக் கதைக்கிற கதை ஒன்றும் நடக்கவில்லை. நின்றபடியே சொன்னா:

"திங்கட்கிழமை வரேக்க நிரந்தரக்காரியா வா, இனி உன்னைத் தண்ணிக் குழாய்க்குக் கிட்டக் காணக்கூடாது."

பெருநாள்

பெருநாளுக்கு டெப்பியையும் கூப்பிட்டேன். வந்தா. கெபிக்கு முன்னால் புது வேலி கரும்பச்சையாக நின்றது. மகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கச் சொன்னாள். எடுக்கும்போதுதான் பார்த்தேன், சொரூபத்தைப் பார்த்த உட்பக்கத்தில், ஆட்கள் போகாத இடத்தில், வேலி ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. ஆரோ நல்ல கூரான கத்திரிக்கோலால் நுனி நுனியாக எடுத்த மாதிரி.

மண்டபத்துக்குள் போனோம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. அதில் வரிசையாகத் தயிர்ப் பேணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஈயோனிமஸ் தடி, மேலே பொலித்தீன் பை. பிலோமினா அக்கா போகிறவர் வருகிறவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றா. டெப்பி என்னிடம் ஒன்றும் கேட்காமலே போய் வரிசையில் நின்று, தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தா. நான் வாய் திறக்க முதல் பிலோமினா அக்கா என் கையிலும் ஒரு பேணியை வைத்துச் சொன்னா:

"கத்திரிக்கோலைக் கழுவித்தான் வெட்டினனான், நோயில்லாத செடி எண்டு நீதானே சொன்னனி, பிறகேன் பிள்ளை சனம் கடைக்கு அலையோணும்?"

கதைக்கத் தெரியாததால் போகப் பார்த்த வேலை கதைத்ததால் நிரந்தரமாகிவிட்டது, இனிக் கடை நிரந்தரமா என்பது பிலோமினா அக்காவின் யன்னலில் எத்தனை தயிர்ப் பேணி பிடிக்கும் என்பதில்தான் இருக்கிறது.